ஒரே சத்து, இரண்டு மருந்து



திருநின்றவூரில் கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அதே ஊரிலிருந்து மின்சார ரயிலில் சென்னை சென்ட்ரல் வந்து, எதிரே ஜி.எச். என்கிற அரசுப் பொது மருத்துவமனைக்குப் புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களில் சிலருக்கு மெத்தோட்ரெக்சேட் தருவார்கள். மாத்திரை கொடுக்கும் அதே ஃபோலிக் அமிலத்தைச் செல்லுக்குப் பயன்படாமல் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலை.

இந்த அமிலத்தை 1945-இல் செயற்கையாகத் தயாரித்ததும், பிறகு அதைத் தடுக்கும் மருந்துகளை உருவாக்கியதும் ஒரே ஆய்வுக் குழு. அதன் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஜி.எச்.சை ஒட்டியிருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

1895-இல் பீமவரத்தில் பிறந்தார். கல்லூரியில் படிக்கும்போது காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். அறுவை சிகிச்சைப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். இரண்டு சகோதரர்களை ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். பின்னாளில் அந்த நோய்க்கே ஃபோலிக் அமிலம் மருந்தானது.

பிறகு அமெரிக்கா போய், பாஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துப் பிழைத்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து, தசைக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு பற்றி 1929-இல் எழுதினார். இவ்வளவு செய்தவருக்கு ஹார்வர்டு நிரந்தரப் பதவி தரவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. சுப்பாராவ் 1940-இல் லெடர்லே மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார்.

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் புதிதாக டி.என்.ஏ. கட்ட வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. ஓயாமல் பெருகும் ரத்தப் புற்றுச் செல்லுக்கு அந்தத் தேவை ஓய்வதே இல்லை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த சிட்னி ஃபார்பர் இங்கேதான் கைவைத்தார். சுப்பாராவ் குழு அனுப்பிய அமினோப்டெரின் பார்வைக்கு ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும். செல்லின் நொதி ஏமாந்து அதைப் பற்றிக்கொள்ளும். பூட்டுக்குள் சிக்கிய மாற்றுச் சாவி மாதிரி அது அங்கேயே நின்றுவிடும், டி.என்.ஏ. கட்டும் வேலை முடங்கும்.

1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். ரத்தப் புற்றுக்கு அமினோப்டெரின் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. அது நிலைக்கவில்லை, உண்மைதான். ஆனால் ரத்தப் புற்று மருந்துக்குப் பணியும் என்று அதுவரை பெற்றோரிடம் சொல்ல யாருக்கும் வாய் வந்ததில்லை. அந்த ஆகஸ்டிலேயே சுப்பாராவ் 53 வயதில் காலமானார். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் தரப்படுகிறது.

இதையே குறைந்த அளவில் முடக்குவாதத்துக்கும் தருகிறார்கள். நேயர்களே, உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது அதைச் சாப்பிட்டால் கவனியுங்கள்: வாரத்துக்கு ஒரே நாள்தான். தவறி தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கிழமையை மாத்திரை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.