புலால் மறுத்தலும் அருளுடைமையும்

(திருப்பாச்சூரில் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)



மகாவீரர் பிறந்தநாள் பல ஆண்டுகளில் கிறித்தவர்களின் தவக்காலத்தை ஒட்டியே வருகிறது. காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளில் பணிபுரியும் நம் இளைஞர்கள் இதனை நேரில் காண்கின்றனர். ஏனைய நாள்களில் புலால் உண்ணும் கிறித்தவ நண்பர், அந்நாற்பது நாளும் நம்மோடு அமர்ந்து மரக்கறி உண்கிறார். “நீங்கள் மட்டும் எந்நாளும் விலக்குவது ஏன்?” என்று வினவுகிறார். அவருக்கு நாம் கூறும் விடை யாது?

முதற்கண் அவர் சமயத்தை மதித்துப் பேசுதல் வேண்டும். விவிலியத்தின் தொடக்கநூலில், படைப்பின்போது மனிதர்க்கு உணவாக அளிக்கப்பட்டவை செடிகளின் விதையும் மரங்களின் கனியுமே. ஊனுணவுக்கு இசைவு பெருவெள்ளத்திற்குப் பின்னரே கிடைத்தது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, புலாலை விலக்கி நாளுக்கு ஒருவேளையே உண்டு வாழ்ந்தார். நம் வடஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் 1921இல் மருத்துவர்கள் ஜேசுதாசனும் பேட்டனும் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமமும் மரக்கறி உணவையே மேற்கொண்டது.

ஆயினும் வேறுபாட்டை மறைத்தல் வேண்டா. தவக்கால நோன்பு தன்னை ஒறுக்கும் பொருட்டு விரும்பியதை விடுவது. உயிர்த்தெழுதல் பெருவிழாவோடு முடிவது. நொபிலி புலால் விட்டது, இந்நாட்டுத் துறவியரைப்போல் வாழ்ந்தாலன்றி மக்கள் தம் சொல்லைக் கேளார் என்பதால். நமக்கோ உயிர்படும் துன்பமே காரணம்.

இவ்வளவில் பெருமிதம் கொண்டு நின்றுவிடலாமா? இலண்டனில் ஆர்தர் புரூம் என்றொரு பாதிரியார் இருந்தார். அவர் சமயம் புலாலை விலக்குமாறு பணிக்கவில்லை. ஆயினும் வண்டிக் குதிரைகளும் மாடுகளும் அடிபடுவதைப் பொறாது, 1824இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்ற முன்னின்றார். அச்சங்கத்தின் கடனுக்காக 1826இல் சிறையும் புகுந்தார்.

அவர் எதிர்த்த கொடுமைகள் நமக்குப் புதியனவல்ல. கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தைக் கூறுகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவற்றுள் ஒன்றேனும் நம் தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியதன்று. புலால் உண்ணாதவன் தன் தொழுவத்துப் பசுவைப் பட்டினி போட்டால் அவன் விரதம் பழுதுபடுகிறது. திருக்குறளிலும் அருளுடைமை 25ஆம் அதிகாரம். புலால் மறுத்தல் அதனை அடுத்த 26ஆம் அதிகாரம். அருள் முன்னே நிற்க, உணவு அதன் பின்னே வருகிறது.

ஆகவே நண்பருக்கு நாம் கூறத்தக்க விடை இது: “உங்கள் நாற்பது நாள் நோன்பை வணங்குகிறேன். எங்களுக்கு இது நோன்பன்று. உயிர்களுக்கு நாங்கள் அளித்த வாக்கு.”

அவ்வாக்கை நம் செயலும் காட்ட வேண்டும். பணிமனை வாயிலில் இவ்வெயிலில் அலையும் நாய்க்கும், நெடுஞ்சாலையோரம் நிற்கும் மாட்டுக்கும் ஒரு தொட்டி நீர் வைப்போம். அதனை அக்கிறித்தவ நண்பரோடு சேர்ந்தே வைப்போம்.

வளர்க ஜினவறம்! வாழ்க எவ்வுயிரும்!