பள்ளிக்கூடக் கணினி: சொந்தமா, குத்தகையா?

(பாலக்கோட்டில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)

நம் பிள்ளைகள் படிக்கும் சர்க்கார் பள்ளிகளில் கணினி வந்திருக்கிறது. அதை ஓட்டுவது அதற்குள் இருக்கும் இயங்குதளம். அதற்கு ஒரு லைசென்ஸ் உண்டு. அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் கேட்டதுண்டா?

விண்டோஸ் லைசென்ஸ் சொல்கிறது: பயன்படுத்து, பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்காதே, உள்ளே பிரித்துப் பார்க்காதே. காசு கொடுத்தும் நாம் குத்தகைக்காரர்தான்!

லினக்ஸ் வேறு வகை. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருவை எழுதினார். 1992இல் அதைக் க்னூ பொது லைசென்ஸின் கீழ் விட்டார். அந்த லைசென்ஸை 1989இல் எழுதியவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். அதன்படி யாரும் ஓட்டலாம், உள்ளே படிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை: திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால், நீ பெற்ற அதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் விதை ராகி வாங்கியவன், விளைந்ததைப் பூட்டி வைத்துப் பிறர் விதைக்கத் தடை போட முடியாது என்பதைப் போல!

"இனாம் சரக்கு மட்டமாகத்தானே இருக்கும்? ஏழைப் பிள்ளைக்கு அதுவா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உலகின் மிக வல்லமை வாய்ந்த 500 கணினிகள் என்று பட்டியலிடப்படுபவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. இது மட்டமா?

குத்தகையின் கதி என்ன? 2014 ஏப்ரல் 8இல் விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பழுது பார்ப்பதைக் கம்பெனி நிறுத்தியது. இயந்திரம் நன்றாக இருந்தது. திருத்தும் உரிமைதான் பிறருக்கு இல்லை. அப்போது தமிழக சர்க்கார் தன் அலுவலகங்களுக்குச் சொன்ன மாற்று, சி-டாக் என்னும் மத்திய சர்க்கார் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ்.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிகளில் லினக்ஸ்தான் பாடம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிக்கென்றே தளத்தைத் திருத்தி அமைத்தார்கள். 2 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் லைசென்ஸ் செலவு 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் அதன் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் அறிவித்தது.

பயிற்சி இல்லாமல் தளத்தை மட்டும் ஏற்றினால் பெட்டி தூசி படியும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

தோழர்களே! பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோராகிய நமக்கு இடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். "இந்தக் கணினியில் என்ன லைசென்ஸ்? என் பிள்ளை இதைப் பிரதி எடுத்துப் போகலாமா? ஆசிரியருக்குப் பயிற்சி உண்டா?" என்று கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு யார் லைசென்ஸும் தேவையில்லை!