அறியாத ஆற்றுக்கு முன்



இரயில்வேயில் ஒரு நியதி உண்டு. எத்துணைத் தேர்ந்த ஓட்டுநராயினும், புதிய தடத்தைப் பயின்று கையொப்பமிடாமல் தனித்து வண்டி செலுத்துதல் ஆகாது. அந்த ஏட்டை எழுதும் நாங்களே, சென்ற மே மாதம் குலு மாவட்டத்துத் தீர்த்தன் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கச் சென்றபோது அதனை மறந்தோம். காலையில் முழங்காலளவு நீரைக் கடந்து அக்கரை சென்றோம். வெயிலேறப் பனியுருகிப் பிற்பகலில் நீர் இடுப்பளவாயிற்று. திரும்புகையில் நண்பரொருவர் வழுக்கி வீழ்ந்தார்; உள்ளூர் இளைஞரொருவர் கைகொடுத்துக் காத்தார்.

ஆதலின் இவ்வாண்டு ஆற்றைப் பயின்றே செல்வோம். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய மீன்பிடி தடைக்காலம். எனவே மார்ச்சுக்குப் பின்னரே பயணம். மீன்துறையின் உரிமச் சீட்டு முதற்கடன். ஆற்றுக் கல்லைப் புரட்டி, அடியில் வாழும் பூச்சிகளைக் கண்டு, அவற்றை ஒப்ப இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப்பூச்சியைத் தூண்டிலில் பூட்டுவோம். மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்குமாதலால், கீழிருந்து மேல்நோக்கி மெல்ல நடப்போம். நண்பகலுக்குள் கரையேறுவோம். எல்லாவற்றுக்கும் முன்னர் அவ்வூராரைக் கேட்போம்.

ட்ரவுட்டும் அங்கே வந்தேறிய மீனே. ஸ்காத்லாந்திலிருந்து 1900-இல் காஷ்மீரம் வந்து, 1909-இல் குலுவை அடைந்தது. புகுந்த ஆற்றின் போக்கறிந்தே அது வாழ்கிறது. பிழைக்க வந்த நமக்கும் அதுவே பாடம்.