வெறியாடலும் வாழ்வுநெறியும்

(இலக்கிய மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



நகர வாழ்வின் நெருக்கடியால் உளஞ்சோர்ந்தோர் பலர் இன்று பல்வேறு மெய்ந்நெறிகளை நாடுகின்றனர். அவற்றுள் மேலைநாடுகளிற் பரவியுள்ள ஒன்று சாமனியம். சாமன் என்பது சைபீரியாவில் வாழும் எவெங்கி மக்களின் மொழியினின்று உலகிற் பரவிய சொல். முழவொலியால் தன்னுணர்வு மாறி, ஆவியுலகை அணுகி, பிணியாளர்க்கும் ஊரார்க்கும் விடை கொணர்பவரே சாமன். இந்நெறி இற்றை வாழ்வுக்கு ஆகுமா? ஆகுமெனின் எவ்வாறு? இதுவே யான் ஆராயப் புகும் பொருள்.

அமெரிக்க மாந்தவியலறிஞர் மைக்கேல் ஆர்னர் (1929–2018) தென்னமெரிக்கப் பழங்குடியினரிடை வாழ்ந்து இக்கலையைக் கற்றார். பல இனத்தார்க்கும் பொதுவானவற்றைப் பிரித்தெடுத்து, எவரும் பயிலத்தக்க முறையொன்றை வகுத்து, 1980இல் நூலாக வெளியிட்டார். பயில்வோர் கண்ணை மூடிப் படுப்பர். முழவு ஒரே சீராய், நிமையத்திற்கு 200 அடிகட்கு மேல் ஒலிக்கும். மண்ணிலுள்ள புழையொன்றின் வழியே கீழிறங்குவதாக உள்ளத்திற் காண்பர். காவல் விலங்கொன்றைக் கண்டு தம் வினாவை விடுப்பர். முழவின் நடை மாறியதும் மீள்வர். கால்மணி முதல் அரைமணி வரை இது நிகழும்.

இதனால் உள்ளம் ஓய்வுறுகின்றது என்றும், அடங்கிக் கிடந்த எண்ணங்கள் மேலெழுகின்றன என்றும் பயின்றோர் உரைக்கின்றனர். அதனை யான் எள்ளேன். ஆயின், பொதுவானவற்றைப் பிரித்தெடுத்தபோது விடுபட்டவை யாவை? அவற்றை அறியத் துவா மக்களின் வரலாற்றை நோக்குவோம்.

துவா தென்சைபீரியாவிலுள்ள நிலம். இன்று உருசியக் கூட்டாட்சியின் ஓர் உறுப்பு. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கிருந்த சாமன்கள் 725 பேர்; அவருள் 314 பேர் பெண்டிர். அதே பத்தாண்டில் சோவியத்துச் சார்பான ஆட்சி அவர்களை ஒடுக்கிற்று. முழவுகள் பறிக்கப்பட்டன, பலர் சிறைப்பட்டனர். சாமனியம் அத்துடன் அழிந்ததா? இல்லை! மொங்குசு கெனின்-லோப்சான் (1925–2022) எனும் துவா அறிஞர், சாமன்களின் வேண்டற்பாடல்களைப் பல்லாண்டு திரட்டித் தாய்மொழியிற் காத்தார். சோவியத்து ஒன்றியம் 1991இற் கலைந்தபின், 'துங்கூர்' எனும் சாமன் கழகத்தை அமைத்தார். துங்கூர் என்பதற்கு முழவென்பதே பொருள். அப்பாடல்கள் விளிப்பவை அந்நிலத்து மலைகளையும் ஊற்றுகளையும் முன்னோரையுமே. முழவைப் பறித்தோரால் பாட்டைப் பறிக்க இயலவில்லை. பாட்டு எஞ்சியமையால் முழவும் மீண்டது. மொழி காத்தவன் வழி காத்தான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நமக்கும் இது புதுமையன்று. கழக இலக்கியத்தில் வேலன் வெறியாடுகின்றான். அவ்வாட்டைப் பாடியதனாலேயே வெறிபாடிய காமக்கண்ணியார் எனப் பெயர்பெற்ற புலவரும் உளர். இன்றும் உடுக்கையடித்துக் குறிசொல்லும் கோடாங்கியரை நம் சிற்றூர்களிற் காண்கின்றோம். ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குக. தலைவியின் காதல்நோயை முருகன் அணங்கியதென மயங்கி, தாய் வேலனை அழைக்கின்றாள். நோயின் மெய்க்காரணம் அறிந்த தோழியோ அவ்வெறியை விலக்க முனைகின்றாள். வெறியாட்டின் சிறப்பைப் பாடிய புலவரே அதன் எல்லையையும் காட்டினர். என்னே அவர்தம் தெளிவு!

ஆதலின், இந்நெறியைப் பயில விழைவோர்க்கு மூன்று கூறுவேன்.

ஒன்று: உம் தாய்மொழியிற் பாடுக, நீவிர் நிற்கும் மண்ணையும் உண்ணும் நீரையும் முன்னோரையும் அறிக. வேரறியாதவனுக்கு முழவொலி வெற்றொலியே.

இரண்டு: சாமன் சென்று மீள்வது பிறர்க்காக. உம் பயிற்சியால் அண்டை வீட்டார் துயரொன்றேனும் குறைந்ததா என உம்மையே வினவுக. குறையவில்லையெனின், அது வெறும் பொழுதுபோக்கு.

மூன்று: காய்ச்சல், வலிப்பு, உளப்பிறழ்வு ஆகியன கண்டால் மருத்துவரிடமே முதற்கண் செல்க. மருந்தை நிறுத்தென்பவரையும், பெரும்பொருள் கேட்டுப் பேயோட்டுவேன் என்பவரையும் அந்நொடியே விட்டு விலகுக. தோழியின் அறிவு நமக்கும் வேண்டும்.

இம்மூன்றும் அமையின் இப்பழநெறி இற்றை வாழ்வுக்கும் துணையாகும். அமையாவிடின் ஏமாற்றுக்கே இடனாகும். தேர்ந்து தெளிக! வாழ்க தமிழ்!