நாலு பேரைக் கேட்டு நம்பர் சொல்லுங்க
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குன்னூர் பகுதிக் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன் பற்றி எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறோம். இன்னைக்கு போனில் வரும் கடனைப் பற்றிப் பேசப்போறேன்.

எங்க லைனில் ஒரு தங்கச்சி. பனிக்காலம், கொழுந்து இல்லை, வேலை நாளும் குறைவு. பிள்ளைக்கு அவசரமாகப் பணம் கட்டணும். குழுவில் கேட்டால் நாலு பேருக்குத் தெரியுமே என்று வெட்கம். போனில் ‘ஐந்து நிமிடத்தில் கடன்’ என்று ஒரு விளம்பரம் வந்தது. அந்த ஆப்பை இறக்கினாள். ஆதார் கேட்டது, போட்டோ கேட்டது, போனில் உள்ள நம்பர்களைப் பார்க்க அனுமதி கேட்டது. எல்லாத்துக்கும் ‘சரி’ என்று அழுத்தினாள்.

5,000 ரூபாய் கடன் என்றார்கள். கைக்கு வந்தது 3,500. ஏழே நாளில் 5,000 கட்டணும். கணக்குப் போட்டுப் பாருங்க. 100 ரூபாய்க்கு ஒரு வாரத்தில் 43 ரூபாய் வட்டி! நம்ம குழுவில் 100-க்கு மாசம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்தானே?

எட்டாம் நாள் மிரட்டல் ஆரம்பித்தது. அவள் போட்டோவை அசிங்கமாக மாற்றி அண்ணனுக்கும், உறவுக்காரர்களுக்கும், கங்காணிக்கும் அனுப்பினார்கள். நாலு பேருக்குத் தெரியக்கூடாது என்று போனவளை நாற்பது பேர் முன்னால் தலைகுனிய வைத்தார்கள். மூணு நாள் அவள் வேலைக்கே வரவில்லை. தேயிலைக் காட்டில் அட்டை ஏறுவது தெரியுமா? ரத்தத்தைப் பார்த்தால்தானே தெரியும்? அப்படித்தான் இதுவும்.

இது அவள் ஒருத்தி கதை இல்லை. கொரோனா ஊரடங்கில் வேலை இழந்த பலரும் இப்படி மாட்டினார்கள். 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி இத்தகைய ஆப்கள் பற்றி எச்சரித்தது. 2021 ஜனவரியில் சென்னை போலீசார் பெங்களூருவரை போய், சீன நாட்டவர் இருவர் உட்பட நாலு பேரைக் கைது செய்தார்கள். கடன் தரும் ஆப் நம்முடைய போட்டோவையும் நம்பர் பட்டியலையும் தொடக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. ஆகவே, அதைக் கேட்கிற ஆப் எதுவாக இருந்தாலும் அப்பவே அழித்துவிடுங்கள்.

கடன் மட்டும் இல்லை. 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத்தொகை தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு 1,000 ரூபாய் வந்தது. பணம் வந்த கையோடு, ‘பேங்க்ல இருந்து பேசறோம், ஓடிபி சொல்லுங்க’ என்று போன் வந்தால் சொல்லாதீர்கள் என்று அரசே எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஓடிபி என்பது நம்ம பீரோ சாவி. எந்த பேங்க்கும் அதைப் போனில் கேட்காது.

ஒன்றைக் கவனியுங்கள். குழுவில் 500 ரூபாய் எடுப்பதென்றாலும் கூட்டம் கூடுகிறோம், தீர்மான நோட்டில் எழுதுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம். போனில் ஏமாற்றுகிறவன் என்ன சொல்கிறான்? ‘உடனே செய், யாரிடமும் சொல்லாதே’ என்கிறான். நாம் தனியாக இருந்தால்தான் அவன் ஜெயிப்பான்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன்னால் பேங்க் நிறுத்தி வைக்க வழியிருக்கிறது. பிறகு உங்கள் பேங்க்குக்கும் சொல்லுங்கள்.

மிரட்டல் வந்தால் பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் அது நிற்காது, இன்னும் கேட்பார்கள். வந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள், அதுதான் சாட்சி. ஊட்டியில் மாவட்ட சைபர் கிரைம் போலீஸ் நிலையம் இருக்கிறது. தனியாகப் போகவேண்டாம், குழுவாகப் போங்கள்.

அந்தத் தங்கச்சியோடு நாங்கள் ஐந்து பேர் போய்ப் புகார் கொடுத்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள், ‘அக்கா, முதல்லயே உங்ககிட்ட கேட்டிருக்கலாமே?’ எனக்குத்தான் சுருக்கென்றது. கேட்க வெட்கப்படும்படி நாம் நடந்திருந்தால் அது நம்ம தப்பும்தானே? கடன் கேட்டு வருகிறவளை யாரும் கேலி பேசக்கூடாது.

ஆகவே இந்த மாதக் கூட்டத்தில் எல்லாக் குழுவும் ஒரு தீர்மானம் எழுதுங்கள்: ‘புது ஆப் இறக்கும் முன், பணம் அனுப்பும் முன், நம்பர் சொல்லும் முன் குழுவில் ஒருவரையாவது கேட்போம்.’ அதன் கீழே 1930 என்று பெரிதாக எழுதி வையுங்கள்.