மாரடைப்பும் வைத்தியசாலைகளின் ஐக்கியமும்



கிராம ஐக்கிய நாணய சங்கத்தில் பணம் போதாதபோது அங்கத்தினர் ஒவ்வொருவரும் மத்திய பாங்கின் வாசலில் போய் நிற்பதில்லை. சங்கமே மேலிடத்தில் கேட்டுப் பெற்று அவருக்குக் கொடுக்கிறது. வைத்தியசாலைகளும் இவ்விதம் கூடி நடந்தால் உயிர்கள் பிழைக்குமென்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு.

மாரடைப்பாவது, இருதயத்துக்கு இரத்தம் செல்லும் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதேயாம். காலம் செல்லச் செல்ல இருதயத்தின் தசை மடிகிறது. அக்குழாயைத் திறக்கும் கருவியும் நிபுணரும் பெரிய நகரங்களிலேயே உண்டு. உறைவைக் கரைக்கும் ஊசி மருந்தையோ சிறிய வைத்தியசாலையிலும் போடலாம். அங்கே போடாமல் அனுப்பிவிட்டால், வழியிலேயே காலம் கழிந்துபோகிறது.

இக்குறையைப் போக்க, 2012-ஆம் ஆண்டு முதல் கோயமுத்தூர் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் முதலியோர் தமிழ்நாட்டில் நான்கு பெரிய வைத்தியசாலைகளைச் சுற்றிலுமுள்ள சிறிய வைத்தியசாலைகளுடன் இணைத்தனர். சிறிய இடத்தில் எடுத்த ஈ.சி.ஜி. படம் அப்பொழுதே பெரிய இடத்து டாக்டருக்குச் சென்றது. அவர் சொன்னபடி ஊசி போடப்பட்டது. பிறகு 108 வண்டி நோயாளியைக் கொண்டு சேர்க்க, 3 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் குழாய்ச் சிகிச்சை நடந்தது. ஏழைகளின் செலவுக்கு அரசாங்கக் காப்பீடு உதவிற்று. 2,420 நோயாளிகளைக் கவனித்த கணக்கு 2017-இல் வெளியாயிற்று. ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 17.6; பின்னர் 14.2. புது மருந்து எதுவுமில்லை. இருந்தவற்றையே கோத்ததன் பலன் இது.

சேதராப்பட்டுக்கு வருவோம். இவ்வூர் வயல்களைத் தாண்டினால் தமிழ்நாட்டு வானூர்ப் பகுதி. 1954 வரை இது பிரெஞ்சு எல்லை. இன்றும் இரண்டு அரசாங்கங்கள். வியாதிக்கு எல்லை ஏது? கோரிமேட்டு ஜிப்மரில் காத்திருப்போரில் பெரும்பாலோர் தமிழ்நாட்டாரே. சேதராப்பட்டாருக்கு அது அருகிலிருப்பதால், 108-ஐ அழைத்து நேரே அங்கு செல்வதே உசிதம். தூரத்துக் கிராமத்தாரோ, ஈ.சி.ஜி.யும் மேற்படி ஊசி மருந்தும் உள்ள அருகாமை வைத்தியசாலையை இப்போதே விசாரித்து, அதன் பெயரைச் சங்கப் பலகையில் எழுதிவைக்கலாம்.

வாயுப் பிடிப்பென்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் பொழுது போக்கும் வழக்கம் மிகப் பொல்லாதது. வலி தொடங்கிய மணியைக் குறித்து டாக்டரிடம் சொல்லவேண்டும். அவர் முதலில் கேட்பது அதுவே.