சட்டைக்குள் ஒரு சில்லு

அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தில் ரிச்மண்ட் என்று ஓர் ஊர். 2010-இல் அங்கே ஒரு மழலையர் பள்ளியில், காலையில் பிள்ளை வந்ததும் ஒரு ஜெர்சியை மாட்டிவிட்டார்கள். கூடைப்பந்து ஆடுகிறவர்கள் போடுவார்களே, அந்த மாதிரி. அதற்குள் ஓர் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு, அதாவது ரேடியோ அலை வழியே தன் அடையாளத்தைச் சொல்லும் சில்லு. பிள்ளை எங்கே இருக்கிறது என்பதைக் கட்டடத்தில் இருந்த கருவிகள் அதை வைத்தே கண்டுபிடித்துவிடும். வருகைப் பதிவு, சாப்பிட்டதா இல்லையா என்ற கணக்கு, எல்லாம் ஏறிவிடும். இதற்கு மத்திய அரசின் மானியம் 50,000 டாலர்.

ஆசிரியைகளுக்கு எழுத்து வேலை மிச்சம் என்றார்கள். நியாயமான ஆசைதான். வெளியாள் யாராவது அந்தச் சில்லைப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று உரிமை அமைப்புகள் கேட்டன. அதுவும் நியாயம்தான்.

எனக்குப் பெரிய கவலை வேறு. சில்லுக்குத் தெரிவது ஜெர்சி இருக்கும் இடம் மட்டும். வியர்க்கிறதென்று பிள்ளை அதைக் கழற்றி நாற்காலியில் போட்டால், கணக்கில் பிள்ளை நாற்காலியில்தான் இருக்கும். ஏன் அழுகிறது, நெற்றி சுடுகிறதா என்று பார்க்க ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். உங்கள் பிள்ளையின் காப்பகத்தில் இப்படி ஒரு கருவி வந்தால், பதிவுகள் யாரிடம் போகின்றன என்று கேளுங்கள். ஓர் ஆயாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.